கோடாரியைப் பார்த்தோம், கட்டையைப் பார்க்கவில்லை

போன மாதம் சாத்தூரில் ஒரு கல்யாணம். முடிந்து திரும்பும்போது மகன் நாலுவழிச் சாலையோரம் ஒரு ஓட்டல் வாசலில் காரை நிறுத்தினான். விறகடுப்புச் சமையல் என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்தவள் நான். இப்போது அதற்காகவே வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். சரி, காலம் அப்படி என்று கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே கைலியை மடித்துக் கட்டிய ஓர் இளைஞன் புளியங்கட்டையைப் பிளந்துகொண்டிருந்தான். புதிதாகப் பிளந்த புளியங்கட்டைக்கு லேசாகத் துவர்க்கிற மாதிரி ஓர் ஈர வாசனை உண்டு. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை.

"தம்பி, இந்த அடிக்கட்டை எங்க வாங்குனது?" என்று கேட்டேன்.

அவன் கோடாரியை இறக்கிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கோடாரியைப் பற்றிக் கேட்டிருந்தாலாவது அர்த்தம் உண்டு. விறகை வைத்துப் பிளக்கிற அடிக்கட்டையைப் பற்றி யார் விசாரிப்பார்கள்? "மரக்கடைலதான் ஆச்சி. ஏன், ஒங்களுக்கு வேணுமா?" என்றான். மகன் வந்து என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். சாப்பாடு ருசியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் பயந்தவள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குக்கர் விசிலுக்குக்கூடத் தோளைக் குறுக்குவேன் என்று மருமகள் சிரிப்பாள். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த ஊர் அப்படி.

அறுபதுகளின் தொடக்கம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு சிறிய ஊர். அங்கிருந்த மிஷன் மருந்தகத்தில் நான் நர்ஸ். என் வீட்டுக்காரர் அதே மிஷனின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிது. டாக்டர் வாரத்தில் சில நாள்தான் சிவகாசியிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நானும் ஒரு கம்பவுண்டரும்தான். ஊரைச் சுற்றிப் பட்டாசுக் கம்பெனிகளும் தீப்பெட்டிக் கம்பெனிகளும். காலையில் எங்கேயாவது 'டம்' என்று கேட்டால் ஊரே அப்படியே நிற்கும். குழாயடியில் குடம் நிரம்பி வழியும், யாரும் எடுக்க மாட்டார்கள். எந்தத் திசை, எந்தக் கம்பெனி என்று காது கொடுத்துவிட்டு, அது சும்மா வெடித்துப் பார்த்த சத்தம் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். மற்றவர்களுக்கு அத்தோடு போய்விடும். எனக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். மருந்தகத்து வாசலையே பார்த்துக்கொண்டு பஞ்சையும் துணியையும் தயாராக எடுத்து வைப்பேன். யாரும் வராவிட்டால் மத்தியானம் அதை மறுபடியும் மடித்து உள்ளே வைப்பேன். கம்பவுண்டர், "நீங்க பயப்படுற பயத்துக்கே எதாச்சும் வந்துரும் போல" என்று கேலி செய்வார்.

பட்டாசுக் காயம் சீசனுக்கு வரும். வருஷம் முழுக்க வருவது விறகுக் காயம். யாருக்காவது கோடாரி வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும். தலை கழன்று பறந்த கோடாரி பக்கத்தில் நின்றவரின் தோளைப் பதம் பார்த்திருக்கும். இதையெல்லாம் தினமும் கழுவித் தைத்துக் கட்டிய பெண்ணிடம் புதுப் புருஷன் வந்து, "நாம ஒரு கோடாரி வாங்குவோமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? 

அதுவரை விறகை எதிர்வீட்டு ஆட்கள் பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டிருக்கிறது. விருதுநகரில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு பஜாரில் இரும்புக்கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு கோடாரித் தலைகளை எடுத்துப் போட்டார். ஒன்று மெலிந்து அகன்றது. மற்றது கன்னம் பருத்து, வாய் ஒடுங்கியது.

"இது மரம் வெட்டுறது. இது வெறகு பொளக்கிறது. ஒங்களுக்கு எது சார் வேணும்?"

மெலிந்ததை வைத்து விறகைப் பிளந்தால் அது கட்டைக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளுமாம், எடுக்கவே வராதாம். பருத்தது உள்ளே இறங்க இறங்க இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போகுமாம். இவர் பருத்ததைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. கடைப்பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பிறகு காம்பு. அதற்குத் தச்சரிடம் போனோம். கருவேலங்காம்பு, கணு இல்லாதது, இவர் இடுப்புக்கு மேலே வந்தது.

"எதுக்கு இம்புட்டு நீளம்?" என்று கேட்டேன்.

"காம்பு நீளமா இருந்தா வேகம் கூடும். அடிக்கிறவனுக்குப் பலம் கம்மியாப் போதும். கணக்கு" என்றார். பலம் கம்மி என்பதை அவரே ஒப்புக்கொண்டது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கோடாரி மூலையில் சாத்தி நின்றது. அடுக்களைக்குப் போகிறபோதெல்லாம் அதைப் பார்ப்பேன், எனக்குத் தெரிந்த காலெல்லாம் ஞாபகம் வரும். "ஒரு வெட்டரிவா போதும். உக்காந்துகிட்டு, சின்னச் சின்னதா, பாத்துப் பாத்து வெட்டலாம். கண்ணுக்குக் கிட்டயே இருக்கும். குறி தப்பாது" என்று தினமும் சொன்னேன். உடைமுள் மரத்துச் சுள்ளிக்கு அரிவாள் சரி, புளியங்கட்டையை அரிவாளால் தொட்டால் அரிவாள்தான் பிளக்கும் என்று அவர் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். பயந்தவளுக்கு நியாயம் எங்கே காதில் ஏறும்?

இந்தச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ண வந்தவர் அண்ணாச்சி. எங்கள் வீட்டுக்காரர், அதாவது வீட்டின் சொந்தக்காரர். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. பெருத்த உடம்பு, நிதானமான பேச்சு, வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. கோடாரியை ஒரு தரம் பார்த்தார், முகம் சுருங்கியது. வெடிமருந்து புழங்குகிற இடத்தில் இரும்பே ஆகாது. அவர் கம்பெனி மருந்து ரூமில் குச்சி மரம், இடிக்கிற கொட்டாப்புளி மரம், அள்ளுகிற கரண்டி பித்தளை. இரும்பு கல்லில் உரசி ஒரு பொறி வந்தால் போயிற்று. ஆயுசு முழுக்க அப்படிப் பழகியவருக்கு எந்த வீட்டிலும் இரும்பைக் கண்டால் பிடிக்காது.

"இரும்பு எதுக்கு சார்? மர ஆப்ப வெடிப்புல வச்சு, கொட்டாப்புளியால ரெண்டு போடுங்க. தானா வாயத் தெறக்கும்" என்றார்.

"அண்ணாச்சி, பொளந்து முடிக்கதுக்குள்ள மத்தியானப் பள்ளிக்கூட மணி அடிச்சிரும்" என்றார் இவர்.

அண்ணாச்சி சிரித்துவிட்டு, "சரி, எதுல வேணும்னாலும் பொளங்க. ஆனா அடிக்கட்டை நல்லா இருக்கணும். தரைல வச்சு அடிச்சா கோடாரி துள்ளிக் காலுக்கு வரும். தங்கச்சி பயப்படுறதுல தப்பில்ல. கம்பெனில நல்ல கட்டையா கெடக்கு, ஒண்ணு அனுப்பச் சொல்றேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பயத்தைக் கேலி செய்யாமல் பேசிய முதல் ஆள் அந்த ஊரில் அவர்தான்.

அவர் அதைத் தன் மனைவி முத்துக்கனி அக்காவிடம் சொல்லிவிட்டு ஆர்டர் விஷயமாக மெட்ராஸ் போய்விட்டார். தீபாவளி சீசன் முடிந்த நேரம். கம்பெனியில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், சாமான்களெல்லாம் வெளியே வெயிலில் கிடக்கின்றன. அண்ணாச்சி மனதில் இருந்தது பெட்டி அடிக்கிற தச்சுக் கொட்டகைக் கட்டை. அக்காவுக்குக் கம்பெனிக்குள் கால் வைத்துப் பழக்கம் இல்லை. வண்டிக்காரரோ ஊருக்குப் புதிது. வாத்தியார் வீட்டுக்கு என்றதும், மரியாதைப்பட்ட இடம் ஆயிற்றே என்று, கிடந்ததிலேயே நல்ல கட்டையாகப் பார்த்து அக்காவிடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

உண்மையிலேயே நல்ல கட்டை. வேலமரத்து அடித்தூர். இறுகி, கறுத்து, மேல்பக்கம் தட்டையாக, ஆட்டினால் ஆடாது. அதன் நெற்றியில் வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தன. பழைய கட்டை என்றால் வெடிப்பு இல்லாமல் இருக்குமா? கட்டை வந்து இறங்கிய சாயங்காலம் இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நானும்தான். கோடாரியின் மேல் இருந்த பயத்தில் பாதி அன்றைக்குக் குறைந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

மழை விடாமல் பெய்ததால் கட்டையைத் தாழ்வாரத்தில் நனையாமல் வைத்தோம், சில நாள் விறகு பிளக்க முடியவில்லை. வெயில் அடித்த முதல் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. "இன்னிக்கு ஒரு கை பாத்துருவோம்" என்று அவர் காலையிலேயே கோடாரியைத் தண்ணீரில் ஊறப்போட்டார். ஊறினால் காம்பு உப்பித் தலை இறுகும். நான் மருந்தகத்துக்குக் கிளம்பும்போது, "காலை அகட்டி வச்சுக்கிடுங்க, யாரையும் பக்கத்துல நிக்க விடாதீக, செருப்புப் போட்டுக்கிடுங்க" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். மருந்தகத்தில் கூட்டம் இல்லை. ஒரு குழந்தைக்குக் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணாச்சி வந்து நின்றார். மெட்ராசிலிருந்து எப்போது வந்தார் என்று கேட்க வாயெடுத்தேன்.  தோளில் துண்டு இல்லை, காலில் செருப்பு இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். விரலெல்லாம் குழம்புச் சோறு. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் கைகூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கிறார்.

"தங்கச்சி, சார் எங்க? வெறகு பொளக்குறாகளா?"

"ஆமா அண்ணாச்சி. ஏன்?"

"அது மருந்து ரூம் கட்டை தாயி."

எனக்கு அந்த நிமிஷம் ஒன்றும் புரியவில்லை, ஆனால் கால் புரிந்துகொண்டது. சொட்டு மருந்துக் குப்பி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. இருவரும் தெருவில் ஓடினோம். ஓடிக்கொண்டே துண்டு துண்டாக அவர் சொன்னார். ராக்கெட்டுக் குழாய்க்குள் மருந்தைப் போட்டு, மரக் கொட்டாப்புளியால் இடித்து இறுக்குகிற கட்டை அது. வருஷக்கணக்கில் சிந்திய மருந்து அதன் வெடிப்புக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டியாக இருக்கும். மரத்தால் இடிக்கிறவரை ஒன்றும் செய்யாது. இரும்பால் ஓங்கி அடித்தால் அவ்வளவுதான். அப்படிப்பட்ட கட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறப்போட்ட பிறகுதான் வெளியே விடுவார்கள். தெரியாமல் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று மருந்து ரூம் சாமான் எல்லாவற்றிலும் செங்காவிப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள்.

"எங்க கட்டைல பட்டையே இல்லயே அண்ணாச்சி!"

"அவ தேச்சுக் கழுவிட்டா தாயி."

அதைத்தான் அக்கா சோறு போடும்போது பெருமையாகச் சொல்லியிருக்கிறார். காவியைக் கோயில் பட்டை என்று நினைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வேறு அதன்மேல் இருந்திருக்கின்றன. நாங்களோ கிறிஸ்தவர்கள். "வேதக்காரக வீட்டுக்குப் போற சாமான். பட்டையும் பொட்டுமா குடுத்தா அவுக மனசு சங்கடப்படும்ல? மணலும் தேங்காய் நாரும் போட்டு அடையாளமே தெரியாமத் தேச்சு அனுப்புனேன்" என்று. அண்ணாச்சி சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடி வந்தது அந்தச் சொல்லைக் கேட்டுத்தான்.

தீப்பெட்டிக் கம்பெனியின் களம் தாண்டும்போது எனக்குச் சத்தம் கேட்டது. தொக். கொஞ்சம் இடைவெளி. தொக்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? அது கேட்கிறவரை அவர் இருக்கிறார். ஆனால் அதுதான் அவரைக் கொல்லவும் போகிறது. கேட்க வேண்டும் போலவும் இருந்தது, கேட்கக் கூடாது போலவும் இருந்தது.  அண்ணாச்சி "சார்... சார்..." என்று கத்தினார். பெருத்த உடம்பில் அதுவரை அப்படி ஒரு சின்னக் குரல் இருந்ததை நான் அறியவில்லை.

"பொளந்து அடில போனாத்தான் தாயி கட்டைல இரும்பு படும். வெறகுலயே நின்னுட்டா ஒண்ணும் ஆகாது" என்றார் அண்ணாச்சி. அதைக் கேட்டதும் நான் ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். ஆண்டவரே, கோணல் கட்டையா இருக்கட்டும். ஆண்டவரே, கண்ணு வச்ச கட்டையா இருக்கட்டும். கோடாரி உள்ள போய்ச் சிக்கிக்கிடட்டும். கணுவும் முடிச்சும் வேண்டி உலகத்தில் வேறு யாராவது ஜெபித்திருப்பார்களா என்று தெரியவில்லை. அது கொஞ்சம் பலித்தும் இருந்தது. விறகு பிளக்கத் தெரிந்தவர்கள் நேரான கட்டையில் ஆரம்பிப்பார்கள். இவர் வீம்புக்கு முறுக்கேறிய புளியங்கட்டையாகப் பார்த்து எடுத்து, காலையிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தெரியாத்தனம்தான் அதுவரை அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு முனை. வீட்டுச் சுவர் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் அவர் புளியங்கட்டையோடு சலித்துப்போய், ஒரு வேப்பங்கட்டையை எடுத்து வைத்திருக்கிறார். நேரான கட்டை. ஒரே அடியில் வாழைத்தண்டு மாதிரிப் பிளந்ததாம்.

சத்தம் பெரிது இல்லை. ஊரில் தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் என் வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டது. காகங்கள் எழும்பின. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. நானும் நின்றுவிட்டேன். ஓடினால் பார்க்க வேண்டுமே! அண்ணாச்சிதான் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

முற்றம் முழுக்கப் புகை. கந்தக நெடி. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. புருவம் இல்லை. "என்னங்க" என்றேன்.  தோளைப் பிடித்து உலுக்கி, "என்னங்க, என்னங்க" என்றேன். கண் என்னைப் பார்த்தது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திறந்த கண்ணோடு எத்தனையோ பேரை மருந்தகத்தில் பார்த்திருக்கிறேன்.  போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது அவர், தெருவே கேட்கிற மாதிரி, "கோடாரிய எங்க காணோம்?" என்று கத்தினார்.

கோடாரி கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு மேலே செருகி நின்றது. இவருக்குக் காது அடைத்துப்போயிருந்தது, தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. காலில் நிறையச் சிராய் ஏறியிருந்தது, நெஞ்சில் ஒன்று. பிறகு அதையெல்லாம் இடுக்கியால் எடுத்தேன். வழக்கமாக நோயாளிகளிடம் "ஆடாம இருங்க" என்பேன். அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னார்.

அண்ணாச்சி முற்றத்து நடுவில் நின்றிருந்தார். விரலில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. இவர் உயிரோடு இருப்பது தெரிந்ததும் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, "ஒரு குடும்பத்தக் கெடுத்திருப்பேனே, பாவி" என்று அழுதார். சிறிது நேரத்தில் முத்துக்கனி அக்கா தலைமுடி அவிழ்ந்து ஓடி வந்தார். "ஒங்க சாமிக்கு ஆகாதுன்னுல்ல தேச்சேன்... ஒங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுல்ல..." என்று என் காலில் விழப் போனார். நான் பிடித்துக்கொண்டேன். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு எங்கிருந்து மனம் வரும்? எங்கள் வீட்டுக்காக அத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தவர் அந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்? இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். மிச்சக் கட்டைத் துண்டுகளை அண்ணாச்சி ஆட்கள் ஈரச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் முற்றத்தைக் கழுவும்போதுதான் சுவரைப் பார்த்தேன். கரி அப்பி, சிராய்கள் செருகி நின்ற இடம் இடுப்புயரத்துக்குக் கீழேதான் அதிகம். நீளக் காம்பு பிடித்து நின்றவருக்குக் காலோடு போயிற்று. நான் தினமும் கெஞ்சிய மாதிரி வெட்டரிவாளோடு கட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால்? பார்ப்பதற்காகக் குத்தவைத்து உட்கார்ந்தேன். கரியின் நடுப்பகுதி நேராக என் முகத்துக்கு எதிரே இருந்தது.  அதுநாள்வரை பயம்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கம் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரியாத பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு பயம் குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. எல்லாப் பக்கமும் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணாச்சி தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பட்டாசுப் பெட்டி அனுப்புவார். எங்கள் வீட்டுக்கு மட்டும் பிளந்த விறகு வரும். ஒரு வண்டி நிறைய, ஒரே அளவில், அடுக்கிக் கட்டி. ஊர் சிரிக்கும், அவர் விடமாட்டார். ஆனால் பொங்கலுக்கு முன்னே அது தீர்ந்துவிடும். மறுபடியும் கோடாரியை எடுக்க வேண்டியிருக்கும். அதே கோடாரிதான். அதை விற்கவும் நான் விடவில்லை. அடிக்கட்டை மட்டும் மாறியது, என் அப்பா விருதுநகரிலிருந்து தானே பார்த்து வாங்கி, பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டு வந்து இறக்கினார்.

இவருக்கு ஒரு காது முழுக்கப் போய்விட்டது, மற்றது பாதி. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் திண்டாட்டம். அவர் முற்றத்தில் விறகு பிளப்பார், நான் அடுப்படியில் இருப்பேன். தொக், தொக் என்று கேட்கும். கொஞ்சம் இடைவெளி விழுந்தால் என் நெஞ்சு நின்றுவிடும். "என்னங்க!" என்று கத்துவேன். அவருக்குக் கேட்காது. பதில் வராது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். எத்தனை நாள் சோறு அடிப்பிடித்தது என்று எனக்கே தெரியாது. கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார்.

"நீ கூப்பிட்டா எனக்குக் கேக்காது. நான் கூப்பிட்டா ஒனக்குக் கேக்கும்ல? ஒவ்வொரு கட்டை பொளந்ததும் நானே சொல்லிடுதேன்."

"என்னன்னு சொல்லுவீக?"

கொஞ்சம் யோசித்தார். "இருக்கேன்னு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாளிலிருந்து ஒரு கட்டை விழும், "இருக்கேன்" என்று குரல் வரும். தன் குரலின் அளவு தெரியாதவர் ஆதலால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். தெருவில் பிள்ளைகள் அவருக்கு 'இருக்கேன் சார்' என்று பேர் வைத்தார்கள். அவருக்கு அது தெரியும், கவலைப்படவில்லை. நான் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொள்வேன். என் ஆயுசில் பயம் இல்லாமல் நான் செய்த வேலை அந்த விறகு நாட்களில் சோறு வடித்ததுதான்.

மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, பிறகு கேஸ் வந்தது. விறகு நின்றது. அவர் சொல்வது நிற்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்தால் சொல்வார், ஏணியில் ஏறினால் சொல்வார், குளித்துவிட்டுக் குழாயை மூடியதும் உள்ளிருந்தே சொல்வார். இரண்டு பேரும் ஓய்வு பெற்று விருதுநகருக்கு வந்து சேர்ந்த பிறகும் அப்படித்தான். மகனின் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால் அதைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். மகனுக்கு வெட்கமாக இருக்கும். எனக்கு இல்லை.

அந்தப் பக்கம் இப்போது போனால் எனக்கு வழி தெரியவில்லை. மருந்தகம் இருந்த இடத்தில் யாரோ ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். தீப்பெட்டிக் களம் வீட்டு மனைகளாகிவிட்டது. அண்ணாச்சியும் அக்காவும் காலமாகி எவ்வளவோ வருஷம் ஆயிற்று, கம்பெனி கைமாறிவிட்டது. எங்கள் முற்றமும் சுவரும் இல்லை. கோடாரி எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. அதற்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்படவில்லை. இடம் என்றால் மாறத்தான் செய்யும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. அவர் குளிக்கப் போனார். நான் அடுப்படியில் தோசைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. தோசை கருகியது. நான் ஓடவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று நின்றுகொண்டே இருந்தேன்.